வெள்ளத்துக்கு நிற்கும் வீடும் நமது கைத்தொழிற் கல்வியும்

தொழிலால் ஒரு குலம் பெருமை எய்துவதும், தொழிலை நெகிழவிட்டால் அப்பெருமை வெறும் பெயரளவில் நின்றுவிடுவதும் உலகவழக்கு. விசுவகர்ம குலத்தாராகிய நாம் கோபுரங்களையும் விமானங்களையும் தேர்களையும் சுட்டி, இவை எம் முன்னோர் கைவேலை என்று சொல்லி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி தகுதியுடையதே. ஆயினும், கார்த்திகை மழையில் நான்கு நாள் நீர் சூழ்ந்தவுடன் சுவர் கரைந்து விழும் ஏழை வீட்டைப் பற்றி நாம் பேசுவதில்லை. தெய்வத்துக்கு இல்லம் எடுத்தவர் மனிதனுக்கும் இல்லம் எடுத்தவரே. அவ்விரண்டாம் கடமை எவ்வாறு நம் கையைவிட்டு நழுவிற்று, அதனை இளைஞருக்கு மீளக் கற்பிக்கும் வழி யாது என்பதனைச் செங்கற்பட்டு நாட்டையும் மாமல்லபுரக் கடற்கரையையும் முன்னிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் நாடு. 1997ஆம் ஆண்டில் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. மேற்கே இருந்து பாலாறு வந்து வயலூர் அருகே கடலிற் கலக்கின்றது. நகரை ஒட்டிக் கொளவாய் ஏரி. தெற்கே மதுராந்தகம் ஏரி. இடையிடையே எண்ணிறந்த சிற்றேரிகள். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்ல, இறுதியில் எஞ்சிய நீர் கிழக்கே பக்கிங்காம் கால்வாயையும் கழிமுகங்களையும் அடைகின்றது. அக்கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்மேட்டின்மீதே மாமல்லபுரம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. ஆகவே இந்நாட்டில் வீடு கட்டுவோன் மேற்கிலிருந்து வரும் ஏரிநீர், வானிலிருந்து இறங்கும் மழைநீர், கிழக்கிலிருந்து எழும் கடல்நீர் ஆகிய மூன்றையும் எதிர்நோக்கியே கடைகால் போட வேண்டியவனாகின்றான்.

இவ்வுண்மையை முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவதை யாவரும் அறிவர். ஊராட்சிக்கு வேண்டிய வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்றாக வைக்கப்பட்டு, அதற்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதும், வாரியத்துக்கு நிற்போன் தன் சொந்த மனையில் வீடு எடுத்துக்கொண்டவனாயிருத்தல் வேண்டும் என்று விதித்திருந்தனர் என்பதும் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை. கரை உடைந்தால் தன் வீடும் போகும் என்ற நிலையிலுள்ளவனே கரையைக் காப்பான் என்பது அவ்விதியின் உட்கருத்துப் போலும். ஏரிக்கரையும் வீட்டுச் சுவரும் ஒரே கவலையின் இரு முகங்களாக அன்று கருதப்பட்டன. மதுராந்தகத்தில் கும்பினியாரின் ஜாகீர்க் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் துரை, உடையும் தறுவாயிலிருந்த ஏரிக்கரையை இராமபிரான் காத்தருளினார் என்று கண்டு, கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்தனர் என்னும் வரலாறும் அவ்வூரில் இன்றளவும் வழங்குகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அக்கதையைப் பக்தியோடு கேட்பவர், ஓர் ஏரியின் கரை ஒரு நாட்டின் உயிர் என்னும் உண்மையையும் அதனுள் காணலாம்.

கடலின் சீற்றத்துக்கு மாமல்லபுரத்தின் அருகிலேயே சான்று கிடைத்துள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துப் பாறையொன்றின்மேல் இருந்த கல்வெட்டை வெளிப்படுத்திற்று. அதனைக் குறிப்பாகக் கொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் 2005 முதல் அகழ்ந்தபோது ஒரு முருகன் கோயில் வெளிவந்தது. கீழே செங்கற்கோயில்; அது சங்க காலத்ததென்று அகழ்ந்தோர் கருதினர். அஃது அழிந்த பின் அதன்மேலேயே பல்லவர் காலத்துக் கற்கோயில் எழுந்தது. செங்கற்கோயில் பேரலையாலோ புயலாலோ அழிந்திருத்தல் கூடும் என்பது அவர்கள் கருத்து. நமக்கு முக்கியமானது அக்கோயிலின் அடிப்பகுதி. வண்டற்படுகையின்மேல் செங்கல் வரிசையும் செம்புரைக்கல் அடுக்கும் மாறிமாறி இட்டுத் தளம் அமைத்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தால் செங்கற் சுவரை எழுப்பியிருக்கின்றனர். மணற்பாங்கான இடத்தில் பாரம் ஓரிடத்தில் இறங்காமல் பரந்து நிற்குமாறு செய்த உபாயம் அது. அவ்விடத்திற்குச் சற்றுத் தெற்கே இராசசிம்ம பல்லவன் காலத்துக் கடற்கரைக் கோயில், பாறையைச் சார்ந்து கருங்கல்லால் எழுப்பப்பட்டு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாய்க் கடற்காற்றை ஏற்று நிற்கின்றது. 2004ஆம் ஆண்டுப் பேரலையையும் அது பெரிதும் ஊறின்றித் தாங்கிற்று. பிற்காலத்தார் அதன் முன் அடுக்கிய பெருங்கற்களும் அதற்குத் துணைநின்றன. எக்காலத்துக் கட்டடமாயினும், கட்டியவர் கடமை கட்டி முடித்த அன்றோடு தீர்வதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் நூல்கள் இதுபற்றி என் சொல்கின்றன என்று பார்ப்போம். மயமதம் மனைநிலத்தைச் சோதிக்கும் முறைகளைக் கூறுகின்றது. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணை அக்குழியிலேயே மீள இட்டால் மண் மிகுதல் உத்தமம், சமமாதல் மத்திமம், குறைதல் அதமம். மாலையில் குழியில் நீர் நிரப்பி விடியலிற் கண்டால், நீர் எஞ்சியிருத்தல் நன்று. வெறும் ஈரமாதலும் வறண்டு போதலும் தீது. இவற்றைச் சகுனம் என்று தள்ளுவோரும் உண்டு; வேதவாக்கு என்று பொருளறியாது போற்றுவோரும் உண்டு. இருவரும் நின்று சிந்திக்க வேண்டும். நெருங்கிய மண்ணைத் தோண்டினால் அது உதிர்ந்து பெருகும். நெகிழ்ந்த மண் குழிக்குள் அடங்கிவிடும். நீரை விரைவில் உறிஞ்சும் நிலம் இடைவெளி மிக்கது. ஆகவே மண்ணின் இறுக்கத்தையும் நீர் உட்புகும் வேகத்தையும் கருவியின்றி அளக்கும் வழிகள் இவை. அவ்வாறே உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரும் அதிட்டான உறுப்புகள் அழகுக்கு மட்டும் ஏற்பட்டனவல்ல. கருவறைத் தளத்தை நிலமட்டத்திலிருந்து உயர்த்தி, அடியில் அகன்று மேலே ஒடுங்கி, வழியும் நீரைச் சுவரடியில் தேங்கவிடாமல் தள்ளுவது அதிட்டானத்தின் தொழில். பழைய வீடுகளின் உயர்ந்த திண்ணையும் அதன் சிறு மரபே.

அப்படியாயின் இவ்வறிவு மறைந்ததெவ்வாறு? தொழில் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் பட்டறையிலேயே கற்பிக்கப்பட்டு வந்தது. முழக்கோலைப் பிடிக்கும் முன் பல ஆண்டு உளி தீட்டிக் கொடுக்க வேண்டும். கை தேர்ந்தது, ஆனால் காரணம் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சுவடியோ வடமொழியில் இருந்தது. அதனைப் பலர் பூசைக்கு வைத்தனர், சிலரே வாசித்தனர். தஞ்சையிற் பிறந்த ராம் ராஸ் என்பார் சிற்ப நூல்களை ஆராயப் புகுந்தபோது, பண்டிதர்க்குத் தொழிற்சொல் விளங்கவில்லை. தொழிலாளர்க்கு நூல் விளங்கவில்லை. தஞ்சையைச் சேர்ந்த நம்மவராகிய ஒரு சிற்பியின் உதவியாலேயே அவர் பொருள் கண்டார். அவர் மறைந்த பின் 1834ஆம் ஆண்டு லண்டனில் அந்நூல் வெளிவந்தது. ஏடும் கையும் ஒன்றுகூடியபோதே அறிவு பிறந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எனினும் ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்விரண்டும் மேலும் பிரிந்தன. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தோன்றிற்று. அதுவே வளர்ந்து பொறியியற் கல்லூரியாயிற்று. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். முன்னது கணக்கும் வரைபடமும் கற்பித்தது. பின்னது அலங்காரக் கைத்தொழிலைக் கற்பித்தது. வரைபவன் இஞ்சினீர், கட்டுபவன் கூலி என்ற பிரிவு நிலைபெற்றது. சுதந்திரத்தின் பின் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ்த் தொழிற்பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் ஏற்பட்டன. 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டு, வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராக அமர்ந்தனர். அவருக்குப்பின் அவர் புதல்வர் வை. கணபதி ஸ்தபதி நெடுங்காலம் அதனை நடத்திக் கல்லூரியாக வளர்த்தார். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவர் கைத்திறத்துக்குச் சாட்சி. இன்று அக்கல்லூரியில் மரபுக் கட்டடக்கலை பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. இது நமக்குப் பெருமையே.

ஆனால் இந்நிறுவனங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு வெற்றிடம் தோன்றுகின்றது. பொறியியற் கல்லூரி பாலத்தையும் மாடமாளிகையையும் கருதுகின்றது. சிற்பக் கல்லூரி ஆலயத்தைக் கருதுகின்றது. தொழிற்பயிற்சி நிலையம் செங்கல் அடுக்கவும் பலகை இழைக்கவும் கற்பிக்கின்றது. ஏழை ஒருவன் ஏரிப்புறத்தில் இரண்டு அறை கட்டிக்கொள்ளும்போது, எவ்வளவு உயரத்தில் தளம் வைப்பது, எம்மண்ணில் எவ்வளவு ஆழம் வானம் தோண்டுவது என்று சொல்ல வேண்டியவன் யார்? அவன் அழைப்பது ஊர்க் கொத்தனாரையே. கொத்தனாரோ பக்கத்து வீட்டைப் பார்த்துக் கட்டுகின்றார். பக்கத்து வீடு வெள்ளத்தில் மூழ்கியதாயினும் அதே உயரமே இதற்கும் அளவாகின்றது.

இதன் விளைவை அண்மைக்காலம் காட்டிவிட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் என்று பதிவாயிற்று. அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயலும், 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்த மாண்டஸ் புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையும் தொடர்ந்தன. இனி இவை அரிய விபத்துகள் என்று சொல்லிக் கைகட்டியிருத்தல் இயலாது.

பிறர் இதற்கு வழி கண்டிருக்கின்றனர். கேரள நாட்டில் கொல்லத்தில் 1985ஆம் ஆண்டு வெள்ளத்தால் வீடிழந்தோர்க்கு வீடு கட்டப் புகுந்தபோது, நிர்மிதி கேந்திரம் என்னும் கட்டட மையம் பிறந்தது. வேலையற்ற இளைஞரையும் பெண்டிரையும் அங்கேயே பழக்கி, அவ்வூர்ப் பொருளைக் கொண்டு குறைந்த செலவில் கட்டுவித்தனர். வீடும் எழுந்தது, தொழிலாளியும் உருவானான். அம்முறை பின்னர் இந்தியாவெங்கும் பரவிற்று. நமக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லில் 1989இல் ஏற்பட்ட மண்கட்டடப் பயிற்சி நிலையமும், அழுத்திய மண்கல்லால் கட்டும் முறையை உள்நாட்டார்க்கும் வெளிநாட்டார்க்கும் கற்பித்து வருகின்றது. கற்பிக்கும் இடமும் கட்டும் இடமும் ஒன்றாயிருத்தலே இவ்விரண்டின் சிறப்பு.

அவ்வாறு ஒரு வகுப்பு நம் ஜில்லாவில் ஏற்படுமாயின் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டுவன யாவை? சிலவற்றை எடுத்துரைப்போம்.

முதலாவது, நீரின் பாரம். ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோ விசை தள்ளும். நீர் இரண்டு மீட்டராகுமாயின் விசை இரட்டிப்பதன்று. நான்கு மடங்காகி 2000 கிலோ ஆகும். இக்கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால், கதவை அடைத்து மணல்மூட்டை அடுக்கி நீரைத் தடுப்பது எப்போது நன்று, எப்போது சுவரையே சாய்க்கும் என்பதை மாணவன் தானே உணர்வான். ஆழம் மிகும் இடத்தில் நீர் உள்ளே புகுந்து இருபுறமும் சமமாக நிற்க வழிவிடுவதே சுவரைக் காக்கும்.

இரண்டாவது, தளத்தின் உயரம். ஊரில் நினைவுக்கெட்டிய பெருவெள்ளம் எவ்வளவு நின்றது என்று கேட்டறிந்து, மட்டக்குழாயால் அம்மட்டத்தை மனைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் தளத்தை வைக்கப் பழக்க வேண்டும். உயர்த்தும் மண்ணைக் கொட்டி விடாமல், அடுக்கடுக்காக நனைத்துத் திமிசு போட்டு இறுக்குதல் அவசியம். தன் மனையை உயர்த்துவோன் அண்டை வீட்டாரின் நீர்வழியை அடைத்துவிடலாகாது என்பதும் இப்பாடத்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது, கட்டு. மண்சாந்துச் சுவர் நீரில் நின்றால் அடியிலேயே கரையும். பல சுவர்கள் வெள்ளம் வடியும்போதே விழுகின்றன. ஆதலின் வெள்ளமட்டம் வரையிலாவது சுண்ணாம்போ சிமெண்டோ கலந்த சாந்து வேண்டும். கொத்தனார்கள் பெல்ட் என்று கூறும் கான்கிரீட் வளையம் தளமட்டத்திலும் நிலைக்கு மேலும் வீட்டைச் சுற்றி அறாமல் ஓடுமாயின், நான்கு சுவரும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். இது மரவேலையில் நாம் சட்டங்களைப் பொருத்தும் முறையின் தத்துவமே.

நான்காவது, காற்றும் உப்பும். சென்னைக் கடற்கரைக்கு இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அவ்வேகத்துக் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தும். கூரையின்மேலோ அதனைத் தூக்கும். ஆதலின் கூரையைச் சுவரில் ஏற்றி வைத்தால் மட்டும் போதாது. கைமரம் உத்தரத்தோடும், உத்தரம் சுவரோடும், சுவர் கடைகாலோடும் பிணைக்கப்படல் வேண்டும். கடல்மணலைக் கலத்தல் பெருங்குற்றம். கடல்நீர்த் திவலை படும் கான்கிரீட்டில் இரும்புக் கம்பியின்மேல் 50 மில்லிமீட்டர் கனமாவது மூடியிருத்தல் விதி. அது குறையின் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். குறைந்த செலவில் கட்டுகிறோம் என்று இதனைக் குறைப்பவன் பத்தாண்டில் விழும் வீட்டைப் பிள்ளைகளுக்கு வைத்துப் போகின்றான்.

இங்கே நம்மவர் சிலர் எழுப்பும் இரு ஆட்சேபங்களுக்கு விடை கூறுதல் கடமை. "குலத்தொழிலைப் பொதுவில் கற்பித்தால் நம் பிழைப்புக்கு என்னாகும்?" என்பர் ஒருசாரார். மறைத்து வைத்ததனால் எதனைக் காத்தோம்? மறைத்த சுவடிகளைச் செல்லரித்தது. மறைத்த கைமுறை பெரியவரோடு மறைந்தது. மாமல்லபுரத்துக் கல்லூரியின் கதவு எல்லாக் குலத்து மாணவர்க்கும் திறந்திருப்பதனாலேயே நம் மரபு இன்று உயிரோடிருக்கின்றது. வெள்ளம் குலம் பார்த்துப் புகுவதில்லை. அதனைத் தடுக்கும் அறிவும் குலம் பார்த்து நிற்கலாகாது. குருவாயிருந்து கொடுப்பதே நமக்குரிய மேன்மை.

"எம் பிள்ளைகளை மீண்டும் உளிக்கும் கரணைக்கும் தள்ளுகிறீர்களோ?" என்பர் மற்றொரு சாரார். இவ்வச்சம் காரணமற்றதன்று. 1953ஆம் ஆண்டு இராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதைப் பெற்றோர் தொழிலுக்கு ஒதுக்கிற்று. அது குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. பிறப்பினால் ஒருவனைத் தொழிலுக்குக் கட்டுதல் எவ்வகையிலும் தகாது. நாம் வேண்டுவது அதற்கு மாறானது. விரும்பி வருபவன் எக்குலத்தவனாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், கையையும் கணக்கையும் ஒருங்கே கற்று, இஞ்சினீரோடு சமமாக நின்று பேசத்தக்கவனாதல் வேண்டும் என்பதே. காரணம் அறியாத கை கூலிக்கு நிற்கும். காரணம் அறிந்த கை மதிப்புக்கு நிற்கும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஜப்பான் தேசத்தில் அனேயோஷி என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின் அவ்வூரார் ஒரு கல் நாட்டி, இதற்குக் கீழே வீடு கட்டாதீர் என்று பொறித்தனர். 2011ஆம் ஆண்டுப் பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கல்லின் சொற்படி மேலே கட்டிய வீடுகள் தப்பின. கல்லில் எழுதுதல் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்ச் சுவர் முதல் சாளுவன்குப்பத்துப் பாறை வரை இந்நாட்டின் நினைவெல்லாம் கல்லிலேயே நிற்கின்றது. ஆதலின், செங்கற்பட்டு மாவட்டத்தில் வெள்ளம் கண்ட ஒவ்வோர் ஊரிலும் 2015ஆம் ஆண்டின் நீர்மட்டத்தை, கண்டவர் உயிரோடிருக்கும்போதே கேட்டறிந்து, ஒரு கல்லில் கோடிட்டு ஆண்டும் நாளும் பொறித்து, ஊர்ப் பொதுவிடத்தில் நிறுத்தும் பணியை நம் இளஞ்சிற்பிகள் ஏற்றல் வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது. வீடு கட்டப்போகும் கொத்தனார் மட்டக்குழாயை அக்கோட்டிலிருந்து பிடிக்கட்டும். தொழில் மாணவர்க்கு முதற் பாடம் அக்கல்லின் அடியிலேயே தொடங்கட்டும். பெரியோர் பொருளுதவியும், கற்றோர் அறிவுதவியும், இளைஞர் கையுதவியும் செய்வாராயின், ஆலயம் எடுத்த குலம் அடுத்தவன் குடிலையும் காத்தது என்னும் நற்பெயர் நமக்கு நிலைக்கும்.